மருந்தை நிறுத்தின தேதி

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டோட பாலை உறை ஊத்தி வெச்சா தயிர் உறையாது. மாடு வெச்சிருக்கிற வீட்டுல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். உறை மோருல இருக்கிற நல்ல கிருமி வேலை செஞ்சாத்தான் பால் தயிராகும். ஊசி மருந்து பாலோட கலந்து வந்தா அந்தக் கிருமியால வளர முடியாது. அதனாலதான் ஊசி போட்ட சில நாளைக்குக் கறந்த பாலைத் தனியா வெக்கணும்னு டாக்டர் சொல்றார்.

கோழிக்கறியில மருந்து தங்கியிருக்கான்னு ஆய்வகத்துல பார்க்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. அதுவும் இதே கணக்குத்தான். மருந்துக்குச் சீக்கிரம் அடங்கிப்போற ஒரு வகைக் கிருமியை ஒரு சின்னக் குழாயில வெச்சிருப்பாங்க. கறியில இருந்து பிழிஞ்ச சாறை அதுல விட்டுச் சூட்டுல வைப்பாங்க. கிருமி வளர்ந்தா ஊதா நிறம் மஞ்சளா மாறும், கறியில மருந்து இல்லைன்னு அர்த்தம். ஊதாவாவே நின்னா ஏதோ மருந்து இருக்கு. என்ன மருந்து, எவ்வளவுன்னு தெரிய இன்னும் பெரிய மெஷின் வேணும்.

இதையெல்லாம் நான் தெரிஞ்சுக்க வேண்டி வந்ததுக்குக் காரணம் என் அக்கா மகள். சென்னையில இருக்கா. அவளோட 6 வயசுப் பொண்ணுக்கு மூத்திரத்துல கிருமி. முதல்ல கொடுத்த மருந்து கேக்கலை. டெஸ்ட் பண்ணிப் பார்த்தா, வரிசையா மருந்துப் பேரைப் போட்டுப் பக்கத்துல இந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காதுன்னு எழுதி வந்திருக்கு. அதுல ஒண்ணு சிப்ரோஃப்ளாக்சசின். வேற மருந்து ஊசியா போட்டு இப்ப குழந்தை நல்லா இருக்கா. ஆனா அவ எனக்குப் போன் பண்ணிக் கேட்டா:

"மாமா, நீங்களே கோழி வளக்கறீங்க. உண்மையச் சொல்லுங்க. உங்க கோழிய நான் பாப்பாவுக்குக் கொடுக்கலாமா?"

அந்தக் குழந்தைக்கு வந்த நோய்க்குக் கோழிதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். யாராலயும் அப்படி உறுதியா சொல்ல முடியாது. சளி பிடிச்சா மருந்துக்கடையில நாமே கேட்டு வாங்கி முழுங்கறோமே, அதுக்கும் இதுல பங்கு இருக்கு. ஆனா அவ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லித்தான் ஆகணும்.

நகரத்துல இருக்கிறவங்க எங்கிட்ட வழக்கமா கேக்கிறது வேற கேள்வி. "ஹார்மோன் ஊசி போட்டுத்தானே 40 நாள்ல 2 கிலோ ஆக்கறீங்க?" இல்லைங்க. 5,000 கோழி இருக்கிற ஷெட்டுல ஒவ்வொண்ணா பிடிச்சு ஊசி போட முடியுமா, அதுக்குக் கூலி கட்டுபடியாகுமா? பிராய்லர் வேகமா வளர்றதுக்குக் காரணம் அந்த இனமும் தீவனமும். எடை ஏறுற கோழியாவே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து உருவாக்கின இனம் அது. மக்காச்சோளமும் சோயாவும் கணக்காக் கலந்த தீவனம் அதுக்கு. ஹார்மோன் பயத்துலயே எல்லாரும் நின்னுடறதால, கேக்க வேண்டிய கேள்வி கேக்கப்படாமலே போகுது. அது ஆன்டிபயாடிக்கைப் பத்தின கேள்வி.

எங்க பல்லடம் பக்கத்துல கோழி வளர்ப்பு எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். குஞ்சு கம்பெனியோடது. தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனி. ஷெட்டு, கரண்ட், தண்ணி, தென்னை நார்க்கழிவு, ராத்திரி பகலா பார்க்கிற ஆளு, இது எங்களோடது. கோழி எடையானதும் கம்பெனி வண்டி வந்து பிடிச்சுட்டுப் போகும். கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் தின்னுச்சுன்னு பார்த்து அந்தக் கூலி ஏறும், இறங்கும். ஆக, கோழி என் ஷெட்டுல இருக்கும், ஆனா என் கோழி இல்லை. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

ஆன்டிபயாடிக் கோழிக்கு ரெண்டு விதமா போகுது. ஒண்ணு, நோய் வந்தா குடிக்கிற தண்ணியில கலந்து கொடுக்கறது. இன்னொண்ணு, நோயே இல்லாம, வளர்ச்சிக்குன்னு தீவனத்துல கொஞ்சூண்டு கலக்கறது. ரெண்டாவது பழக்கம் 1940களோட கடைசியில அமெரிக்காவுல ஆரம்பிச்சது. ஒரு ஆன்டிபயாடிக் தயாரிச்ச மிச்சக் கழிவைத் தின்ன குஞ்சு வேகமா வளர்ந்ததைப் பார்த்தாங்க, அப்படியே உலகம் பூரா பரவிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, 1945-ல, பென்சிலினைக் கண்டுபிடிச்ச ஃபிளெமிங் நோபல் பரிசு வாங்கும்போது எச்சரிச்சிருந்தார். கொல்ற அளவுக்குக் குறைவா மருந்து கொடுத்தா கிருமி அதைத் தாங்கப் பழகிடும்னு. ஐரோப்பாவுல வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலக்கறதை 2006-ல முழுசா நிறுத்திட்டாங்க. நம்ம நாட்டுல 2019-ல கொலிஸ்டின்ங்கிற மருந்தை உணவுக்காக வளர்க்கிற கால்நடை, கோழி, மீன் எதுக்கும் கொடுக்கக் கூடாதுன்னு தடை வந்தது. மனுஷனுக்கு வேற எந்த மருந்தும் கேக்காதபோது கடைசியாக் கொடுக்கிற மருந்து அது.

2014-ல டெல்லியில இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அந்த ஊரைச் சுத்தி இருக்கிற கடைகள்ல 70 கோழி வாங்கிச் சோதிச்சது. கறி, ஈரல், கிட்னி மூணையும் பார்த்தாங்க. 100-க்கு 40 கோழியில மருந்து தங்கியிருந்தது. 17 கோழியில ஒண்ணுக்கு மேற்பட்ட மருந்து. பேப்பர்ல பெருசா வந்த சமயம், எங்க ஊர்ல ஒரு வாரம் டீக்கடைப் பேச்சே அதுதான். அப்புறம் 2018-ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கறி, முட்டை, பாலுக்கு மருந்து வாரியா எல்லை நிர்ணயம் பண்ணிச்சு.

எல்லைன்னா எவ்வளவு? உலக அளவுல ஒத்துக்கிட்ட ஒரு கணக்கைச் சொல்றேன். டெட்ராசைக்ளின் வகை மருந்து ஒரு கிலோ கறியில 200 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம். அதாவது 5 டன் கறிக்கு 1 கிராம். அவ்வளவு சின்ன அளவைக் கண்டுபிடிக்கிற மெஷின் இருக்குங்கிறதே எனக்கு ஆச்சரியம்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். மருந்து கொடுத்த கோழியை உடனே அறுக்கக் கூடாது. மருந்து உடம்பை விட்டு வெளியேற நாள் ஆகும். எத்தனை நாள் காத்திருக்கணும்னு புட்டி மேலயே போட்டிருக்கணும். போடலைன்னா கறிக்கு 28 நாளுக்குக் குறையாம காத்திருக்கணும்னு 2012-ல வந்த விதி சொல்லுது. பிராய்லரோட ஆயுசே 40 நாள்தான். கணக்குப் போட்டுப் பாருங்க, நாள் எழுதாத மருந்தைப் பன்னெண்டாம் நாளுக்கு அப்புறம் தொடவே கூடாது.

போன வருஷம் ஐப்பசியில நடந்ததைச் சொல்றேன். ஒரு வாரம் விடாத தூறல். பக்கத்துப் படுதாவை இறக்கினா ஷெட்டுக்குள்ள அமோனியா வாடை, ஏத்தினா சாரல். 22-வது நாள் ராத்திரி உள்ள போனா, தும்மலும் கொறகொறன்னு மூச்சுச் சத்தமும். கோழி வளர்க்கிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்டா தூக்கம் போயிடும். மறுநாள் கம்பெனி டாக்டர் வந்து ரெண்டு கோழியை அறுத்துப் பார்த்து என்ரோஃப்ளாக்சசின் எழுதினார். 23-வது நாள்ல இருந்து 27 வரைக்கும் 5 நாள், தண்ணியில. மருந்து தேவைதான், அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கொடுக்கலைன்னா நூத்துக்கணக்குல செத்திருக்கும். நோய் வந்த உசுருக்கு மருந்து கொடுக்காம விடறதும் பாவம்தான்.

அந்த என்ரோஃப்ளாக்சசின் கோழி உடம்புக்குள்ள போனதும் ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினா மாறும். ஆமா, என் அக்கா பேத்தியோட ரிப்போர்ட்ல இருந்த அதே பேர்தான். அமெரிக்காவுல 2005-லயே கோழிக்கு இந்த மருந்தைத் தடை பண்ணிட்டாங்க.

புட்டியில காத்திருக்க வேண்டிய நாள் 7-ன்னு போட்டிருந்தது. கடைசி மருந்து 27-வது நாள். 28-ல இருந்து எண்ணினா 34 முடியணும். ஷெட்டு வாசல்ல தொங்குற நோட்டுல சிவப்புப் பேனாவுல எழுதி வெச்சேன்: "35-க்கு முன்னாடி லிஃப்டிங் இல்லை."

31-வது நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் தம்பி போன்.

"அண்ணா, நாளைக்கு நைட்டு வண்டி வருதுங்ணா. ரேட்டு நல்லா இருக்கு, சின்ன சைஸ் கேக்கறாங்க. தீவனத்தை மத்தியானமே நிறுத்திருங்க."

"தம்பி, மருந்து நிறுத்தி நாள் ஆகலைங்களே. 35-க்கு மேல வாங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாங்ணா. யாருங்ணா செக் பண்றாங்க?"

"செக் பண்ணாட்டியும் திங்கறது மனுசன்தானுங்களே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவன் சொன்னான்: "கோழி கம்பெனியோடதுங்ணா. உங்களுது ஷெட்டு மட்டும்தான்."

அவன் சொன்னது சட்டப்படி சரி. அவனைத் திட்டவும் எனக்கு மனசில்லை. 25 வயசுப் பையன், மேல இருந்து அவனுக்கு ஒருத்தர், அவருக்கும் மேல ஒருத்தர். நான் டாக்டர் கையெழுத்துப் போட்ட மருந்துச் சீட்டையும் புட்டியையும் நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். "35-க்கு முன்னாடி ஏத்தறதா இருந்தா, பரவால்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். அன்னைக்கே ஏத்திக்கலாம்"னு செய்தி போட்டேன். யாரும் எழுதிக் கொடுக்கலை. வண்டி 35-வது நாள் ராத்திரிதான் வந்தது.

வீட்டுல சண்டை. "ஏனுங்க, ஊருக்கெல்லாம் இல்லாத சட்டம் உங்களுக்கு மட்டும் எதுக்குங்க? அடுத்த பேட்ச் குஞ்சு போடலைன்னா பேங்க் தவணைய யாருங்க கட்டறது?"ன்னு கேட்டா. அவ கேட்டதுலயும் நியாயம் இருக்கு. ஷெட்டுக் கடன் இன்னும் முடியலை.

அந்தச் சமயத்துலதான் சோதிச்சே பார்த்துடறதுன்னு முடிவு பண்ணினேன். 32-வது நாள் ரெண்டு கோழி, 35-வது நாள் ரெண்டு கோழி. நாலையும் என் கூலியில கழிச்சுக்கங்கன்னு கணக்கு எழுதிட்டேன். நெஞ்சுக்கறி, ஈரல், கிட்னி மூணையும் தனித்தனிப் பையில போட்டுத் தேதி எழுதி, உறைய வெச்சு, ஐஸ் பெட்டியில அடைச்சு ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். எங்க ஒரு கறவை மாட்டோட ஒரு மாசத்துப் பால் பணம் அதுக்குச் சரியாப் போச்சு.

ரிப்போர்ட் வந்தது. 32-வது நாள் கோழியில ஈரல்லயும் கிட்னியிலயும் ரெண்டு மருந்துமே இருந்தது. ஈரல்ல ஐரோப்பாவுல வெச்சிருக்கிற எல்லையை ஒட்டி நின்னுச்சு. நெஞ்சுக்கறியில எல்லைக்குக் கீழ. 35-வது நாள் கோழியில நெஞ்சுக்கறியில எதுவுமே தெரியலை. ஈரல்ல மட்டும் துளியூண்டு.

சூப்பர்வைசர் தம்பிகிட்டக் காட்டினேன். "பாத்தீங்களாங்ணா, 32-லயே கறி எல்லைக்குள்ளதான இருக்கு"ன்னான். நல்ல கேள்விதான். அதுக்கு எனக்குப் பதில் தெரிஞ்சாகணும்னு எங்க ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரு கால்நடை டாக்டர்கிட்டக் கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன்.

5,000 கோழியில எல்லாம் ஒரே மாதிரி தண்ணி குடிக்கிறது இல்லை. தாட்டியானது நிப்பிள்கிட்டயே நின்னு நிறையக் குடிக்கும். நோஞ்சானுக்கு உடம்பை விட்டு மருந்து வெளியேற நேரம் ஆகும். டேங்க்ல, பைப்புல அடியில தங்கின மருந்து அடுத்த ரெண்டு நாளைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வரும். அது போக, கோழி தரையைக் கொத்திக்கிட்டே இருக்கும். எச்சத்தோட வெளிய வந்த மருந்து நார்க்கழிவுல கிடக்கும், அதையே திரும்பத் தின்னும். அதனாலதான் காத்திருக்கிற நாளை, சராசரிக் கோழியை வெச்சு முடிவு பண்றது இல்லை. ரொம்ப மெதுவா மருந்து வெளியேறுற கோழி கூட எல்லைக்குள்ள வந்துடணும்னு கணக்குப் பண்ணிப் போடறாங்க. நான் பிடிச்ச ரெண்டு கோழி மிச்சம் 4,998-க்குச் சாட்சி சொல்லாது.

இதுல ரிப்போர்ட் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. கறியில மருந்து இல்லைன்னா, அந்தக் கோழி மருந்தே இல்லாம வளர்ந்ததுன்னு அர்த்தம் இல்லை. கடைசிச் சில நாள் யாரோ காத்திருந்தாங்கன்னு மட்டும்தான் அர்த்தம். 5 நாள் மருந்துல சாகாம தப்பிச்ச கிருமி ஷெட்டுல இருக்கும், எருவோட தோட்டத்துக்குப் போகும், என் கையில ஒட்டி வீட்டுக்கும் வரும். கறியில இருக்கிற கிருமி நல்லா வேக வெச்சாச் செத்துடும். ஆனா மருந்து அப்படி இல்லை, என்ரோஃப்ளாக்சசின் கொதிச்சாலும் பெருசா அழியாது. கறியில இருந்து கொஞ்சம் குழம்புல இறங்கும். குழம்பையும் நாமதான ஊத்திச் சாப்பிடறோம்.

நாட்டுக்கோழின்னா பிரச்சினை இல்லைன்னு சிலர் நினைக்கறாங்க. முத்தத்துல குப்பையைக் கிளறித் திரியுற பத்துக் கோழி வேற. நாட்டுக்கோழின்னு பேர் வெச்சு ஷெட்டுல ஆயிரக்கணக்குல அடைச்சு வளர்த்தா, அங்கயும் சளி வரும், அங்கயும் மருந்துப் புட்டி இருக்கும். மருந்து எப்ப நிறுத்தினாங்கங்கிறதுதான் கேள்வி.

என் அக்கா மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "கறியக் கொடு கண்ணு, பயப்படாத. நல்லா வேக வெச்சுக் கொடு. பச்சைக்கறி அறுத்த கத்தி, பலகையச் சோப்புப் போட்டுக் கழுவு. எங்க வளந்ததுன்னு தெரியாத கோழியோட ஈரலையும் கிட்னியையும் பாப்பாவுக்கு அடிக்கடி கொடுக்க வேண்டாம். மருந்து அங்கதான் அதிகம் தங்குது. அப்புறம், கடைக்காரர்கிட்டக் கேளு, இந்தக் கோழிக்குக் கடைசியா மருந்து எப்பக் கொடுத்தாங்கன்னு."

"கடைக்காரருக்கு எப்படி மாமா தெரியும்?"

தெரியாதுதான். இன்னைக்குக் கேட்டா சிரிப்பார். ஆனா பத்துப் பேர் கேட்டா அவர் மொத்த வியாபாரிகிட்டக் கேப்பார். அவர் கம்பெனியைக் கேப்பார். எங்க நோட்டுல இருக்கிற தேதி, கோழி வண்டியோட சேர்ந்து கடை வரைக்கும் போகணும். பால் பண்ணையில லாரிப் பாலை இறக்கறதுக்கு முன்னாடியே ஒரு அட்டையை முக்கிப் பார்த்துச் சில நிமிஷத்துல மருந்து இருக்கான்னு சொல்றாங்க. கறிக்கு அவ்வளவு சுலபம் இல்லை, அறுத்துச் சாறு எடுக்கணும். ஆனாலும் ஏத்தறதுக்கு முன்னாடி பேட்ச்சுக்கு நாலு கோழியைச் சோதிக்கிறது கம்பெனிக்கு ஒரு பெரிய செலவு இல்லை. ஒரு விவசாயி மாட்டுப் பால் பணத்துல செய்யற வேலை இல்லை அது.

காத்திருக்கிற நாளுக்கும் ஒரு விலை இருக்கு. அந்த 3 நாள் 5,000 கோழி தின்ன தீவனம், ரேட்டு இறங்கினா வர்ற நட்டம், அடுத்த பேட்ச் தள்ளிப் போறது. வழக்கமா லிஃப்டிங் முடிஞ்சு 15 நாள்ல எனக்குக் குஞ்சு வரும். இந்தத் தடவை 41 நாள் ஷெட்டு சும்மா கிடந்தது. குஞ்சுத் தட்டுப்பாடுன்னு சொன்னாங்க. இருக்கலாம். ஆனா பக்கத்துத் தோட்டத்து ஷெட்டுக்கு வண்டி வந்துக்கிட்டுத்தான் இருந்தது. தவணைக்கு வீட்டுல ஒரு வளையல் அடகுக்குப் போச்சு. அவ ஒண்ணும் சொல்லலை, கழட்டிக் கொடுத்தா.

கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவா எங்க கிடைக்கும்னு தேடறது தப்பில்லை, எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. ஆனா காத்திருக்கிற செலவை யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும். கம்பெனி ஏத்துக்காது, கடைக்காரர் ஏத்துக்க மாட்டார்னா, அது என் தலையில விழும். என்னால முடியாமப் போனா, உங்க வீட்டுச் சட்டியில விழும்.

இப்ப ஷெட்டுல புதுக் குஞ்சு, இன்னைக்கு 11-வது நாள். ரெண்டு பேட்ச்சுக்கு நடுவுல கிடைச்ச அந்த 41 நாள்ல தண்ணிப் பைப்பு பூரா கழுவி விட்டேன், பழைய நார்க்கழிவை அள்ளிக் குவிச்சு மக்க வெச்சிட்டேன், படுதா உயரத்தை மாத்தி மேல காத்துப் போக ஒரு அடி விட்டிருக்கேன். வாடை குறைஞ்சா சளி குறையும், சளி குறைஞ்சா மருந்து குறையும். நோட்டுல மருந்துக் கட்டம் இதுவரைக்கும் காலியா இருக்கு.